கடைசி ஆறு கிலோமீட்டர்

எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் அது கண்ணில் பட்டுவிடும். படுகிற மாதிரிதான் மாட்டியிருக்கிறேன். இதில் என்ன வெட்கம்?

போட்டோவில் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் என்னோடு பி.காம். படித்த நண்பன். (பேர் வேண்டாம். எழுதினால் போன் பண்ணித் திட்டுவான்.) ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் 'தங்லங் லா' என்ற பலகை. அதற்கும் பின்னால் பிரார்த்தனைக் கொடிகள் கிழியக் கிழியப் பறந்துகொண்டிருக்கின்றன. நாங்கள் நிற்கிற தரை, கடல் மட்டத்திலிருந்து 5,328 மீட்டர் உயரம். நம்ம ஊட்டி தொட்டபெட்டாவை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் அந்த இடம் எட்டாது. ஐம்பது மீட்டர் குறையும்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"சைக்கிள்லயேவா ஏறினீங்க?"

நான் சொல்கிற பதிலும் ஒன்றுதான்.

"ஆமா."

இந்த 'ஆமா'வைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், கடைசி ஆறு கிலோமீட்டரை நான் லாரியில் ஏறினேன்.

கதை 2019 ஆகஸ்ட்டில் ஆரம்பிக்கிறது. மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போவது என்று நானும் நண்பனும் முடிவு செய்தோம். அப்போது எனக்கு 41 வயசு. அந்த வயசில் சில ஆண்களுக்கு வருகிற வியாதி இது. சிலர் ராயல் என்ஃபீல்டு வாங்குவார்கள், சிலர் கிடார் கிளாஸுக்குப் போவார்கள். நாங்கள் 24 கியர் சைக்கிள் வாங்கினோம், மாதத் தவணையில்.

மணாலியிலிருந்து லேவுக்கு அப்போது சுமார் 475 கிலோமீட்டர். நடுவில் வரிசையாகக் கணவாய்கள். அந்தப் பக்கத்து மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான். முதலில் ரோதாங், 3,978 மீட்டர். அப்புறம் பாரலாச்சா லா. அதன் பிறகு சர்ச்சு என்ற பொட்டல்வெளியில் கூடாரத்தில் ஒரு ராத்திரி. தலையை யாரோ துணி பிழிவது மாதிரிப் பிழிகிறார்கள், தூக்கம் வராது. காலையில் எழுந்தால் 'காட்டா லூப்ஸ்' என்று 21 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு நக்கீ லா, லாச்சுலுங் லா. அப்புறம் மோரே சமவெளி. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் ஒரு மைதானம். மரம் கிடையாது. எதிர்க்காற்று உண்டு. அது முடிகிற இடத்தில் தங்லங் லா ஏற்றம்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் ஒரு மூச்சுக்கு உள்ளே போகிற காற்றே பாதி. மெரினாவில் நீங்கள் பத்து நிமிஷம் ஓடியபிறகு எப்படி மூச்சு வாங்குமோ, அப்படி அங்கே ஷூ லேஸ் கட்டினால் வாங்கும்.

வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தோம். நண்பன் எனக்கு முன்னால், இரண்டு வளைவு மேலே, எறும்பு மாதிரித் தெரிந்தான். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். மறுபடி ஏறினேன். மறுபடி தள்ளினேன். ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு லாரி என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கி நின்றது. ஓட்டியவர் ஒரு சர்தார்ஜி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் திறந்து, "ஆஜா" என்றார்.

இங்கே நான் உங்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு உடம்பு சரியில்லாமல் போகவில்லை. வாந்தி இல்லை, தலைவலி முந்தின நாளே குறைந்துவிட்டது. களைப்பு. குளிர். சலிப்பு. அவ்வளவுதான். மூட்டைகளின் மேல் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கேபினுக்குள் சூடாக இருந்தது. ஒரு வளைவில் நண்பனைத் தாண்டிப் போனோம். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அல்லது பார்த்தானோ?

ஒன்றரை மணி நேரம் கழித்து அவன் மேலே வந்து சேர்ந்தான். பலகையில் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "போட்டோ எடுத்துக்கலாமா மாப்ள?" என்றான். மோட்டார் சைக்கிளில் வந்த யாரோ ஒரு பையன் எடுத்துக்கொடுத்தான். அதுதான் ஹாலில் இருக்கிற போட்டோ. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நண்பன் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

சரி, இதை ஏன் இப்போது சொல்கிறேன்?

என் மகளுக்கு 19 வயசு. சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதுகிறாள். முதல் தடவை மொத்த மார்க்கில் பதினொன்று குறைந்து போயிற்று. இரண்டாவது தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஹாலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் லேப்டாப்பில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தேன். அவள் போட்டோவையே பார்த்தபடி நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? இங்க ஏறும்போது, போதும்டா சாமி, விட்டுடலாம்னு எப்பவாவது தோணுச்சா?"

"தோணுச்சு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

நான் எழுதிப் பிழைக்கிறவன். வார்த்தைக்குப் பஞ்சம் கிடையாது. அன்றைக்கு வந்ததெல்லாம் இதுதான்: "லேட்டாச்சு, போய்த் தூங்கும்மா."

அதற்கப்புறம் நான்கு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. சர்ச்சு கூடாரத்தைவிட மோசம்.

முதலில், மனசு ஒரு நல்ல வக்கீல் மாதிரி எனக்காக வாதாடியது. நான் யாரை ஏமாற்றினேன்? பந்தயமா வைத்தார்கள்? 1980-ல் பாஸ்டன் மாரத்தானில் ரோஸி ரூயிஸ் என்ற பெண்மணி கடைசிக் கொஞ்ச தூரத்தில் கூட்டத்திலிருந்து புகுந்து ஓடி வந்து முதல் பரிசு வாங்கினார். பிறகு கண்டுபிடித்துப் பட்டத்தைப் பறித்தார்கள். நியாயம்தான். நிஜமாக முதலில் வந்த பெண்ணின் மாலையை அல்லவா அவர் போட்டுக்கொண்டார்! சைக்கிளிலேயே உதாரணம் வேண்டுமானால் 1904-ம் வருஷத்து டூர் டி பிரான்ஸ் இருக்கிறது. இரண்டாவது வருஷமே ஊழல். சிலர் நடுவில் ரயிலேறிப் போனார்கள் என்றெல்லாம் புகார். முதல் நான்கு இடம் பிடித்தவர்களையும் தூக்கிவிட்டு, ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே என்ற 19 வயசுப் பையனுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். ஆக, என் லாரிக்குப் பெரிய வம்ச பரம்பரையே இருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோரும் இன்னொருத்தர் பரிசை எடுத்தார்கள். நான் எதை எடுத்தேன்? தங்லங் லாவில் மெடல் கொடுக்க ஆள் இல்லை. காக்காய்கூட இல்லை.

தவிர, அந்தப் பக்கத்துப் பலகைகளே பொய் சொல்கின்றன சார். லேவுக்கு வடக்கே கார்துங் லா என்று புகழ்பெற்ற கணவாய். உயரம் 18,380 அடி, உலகத்திலேயே உயரமான வாகனப் பாதை என்று பல வருஷமாகப் பலகை வைத்திருந்தார்கள். பனியன்கூட அடித்து விற்றார்கள். ஜி.பி.எஸ். வைத்து அளந்தவர்கள் சொன்ன கணக்கு 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. எண்ணூறு அடி பொய். எண்ணூறு அடியை எல்லோரும் சும்மா விட்டபோது என் ஆறு கிலோமீட்டரை மட்டும் ஏன் நோண்ட வேண்டும்?

வக்கீல் இதோடு நிறுத்தியிருந்தால் கேஸ் ஜெயித்திருக்கும். ஆனால் எனக்கு வேறொரு மனுஷன் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

பாங் என்ற இடத்துக்கு முன்னால் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லைச் சாலை அமைப்பின் வேலை. தார் டிரம், கல், புகை. வேலை செய்கிறவர்கள் ஜார்க்கண்டில் தும்கா பக்கத்திலிருந்து வந்தவர்கள். முகத்தில் துணி சுற்றி, கண் மட்டும் தெரிந்தது. வெயில் காலத்தில் சில மாதம் வந்து, அந்தக் காற்றில்லாத உயரத்தில் கல் உடைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். நாங்கள் சைக்கிளில் மூச்சு வாங்கிக்கொண்டு போனதும், ஒருவர் நிறுத்தி டீ கொடுத்தார். எங்கிருந்து, எங்கே, எத்தனை நாள் என்று விசாரித்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"இஸ்கா கித்னா மில்தா ஹை?"

இதுக்கு எவ்வளவு கிடைக்கும்? நாள் கூலியா, மொத்தமாவா என்கிற அர்த்தத்தில்.

ஒன்றும் கிடைக்காது, நாங்கள்தான் செலவு செய்து வந்திருக்கிறோம் என்று நண்பன் தன் அரைகுறை ஹிந்தியில் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. கிண்டல் செய்யவும் இல்லை. நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருந்தது.

அந்த மனுஷரின் கேள்வியை நான் எளிதாக விடவில்லை. அவர் கேட்டது சரிதானே? அதே மலை, அதே காற்று, அதே கஷ்டம். அவர் படும்போது அது வேலை. நான் படும்போது அது சாதனை. அவர் வேலை முடிந்து லாரியில் ஏறினால் யாரும் கேட்கப்போவதில்லை. நான் ஏறினால் ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருக்கிறது. ஏன்?

கஷ்டத்துக்கென்று தனியாக ஒரு புனிதம் இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 'நாங்கள்லாம் அந்தக் காலத்துல அஞ்சு மைல் நடந்து போய்ப் படிச்சோம்' கோஷ்டி. என் அப்பா அந்தக் கோஷ்டி இல்லை. தினமும் மில்லுக்கு சைக்கிளில் போய் வந்த மனுஷன், முதல்முதலாகக் கையில் காசு புரண்ட அன்றைக்கு டி.வி.எஸ். 50 வாங்கினார். அதற்கப்புறம் சாகும் வரை சைக்கிளைத் தொடவில்லை. "சைக்கிள் மிதிச்ச காலம் நல்லா இருந்துச்சுல்லப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, "உனக்கு நல்லா இருந்திருக்கும், பின்னாடி உக்காந்துக்கிட்டு வந்த" என்றார்.

2022-ல் மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். இந்த முறை நடை. ஹம்ப்தா கணவாய், 4,270 மீட்டர். குலு பக்கத்திலிருந்து ஏறினால் ஒரே பச்சை. உச்சியைத் தாண்டினால் லாஹுல், மொட்டைப் பாறை. யாரோ நடுவில் கோடு கிழித்துப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். கத்தி இன இடையர்கள் காலங்காலமாக ஆடுகளை ஓட்டிப் போகிற வழி அது. (அந்த மலையேற்றத்தில் என் பையைக் கோவேறு கழுதை தூக்கி வந்தது. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் போதும். இது தனிக் கேஸ், பிறகு விசாரிக்கலாம்.) திரும்பும்போது ஜீப்பில் அடல் சுரங்கப் பாதை வழியாக வந்தோம். 2020 அக்டோபர் 3-ம் தேதி திறந்தது. நீளம் 9.02 கிலோமீட்டர். மணாலி–லே தூரத்தில் 46 கிலோமீட்டரைக் குறைத்துவிட்டது. ரோதாங் மேலே கஷ்டப்பட்டு நாங்கள் ஒரு முழு நாள் ஏறி இறங்கினோமே, அதை ஜீப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடித்தது.

எனக்குள் ஒரு சின்ன வருத்தம். 'அடடா, இப்படி மலையைக் குடைஞ்சுட்டாங்களே, அந்த அனுபவமே போச்சே' என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். ஜீப் ஓட்டியவர் லாஹுல்காரர். திரும்பிப் பார்க்காமல் பேசினார். பனிக்காலத்தில் ஐந்தாறு மாசம் ரோதாங் மூடிவிடும். பிரசவத்துக்கு நாள் நெருங்கும் பெண்களைப் பனி விழுவதற்கு முன்பே குலுவுக்கு அனுப்பிவைப்போம். அவசரமென்றால் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் நடந்தார்கள். நடந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேரவில்லை. 'ரோதாங்' என்றால் பிணக்குவியல் என்று அந்தப் பக்கத்தில் பொருள் சொல்கிறார்கள்.

எனக்கு அனுபவம். அவருக்குப் பிணக்குவியல்.

அன்றைக்கு மிச்ச தூரம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை.

பெர்னார்ட் சூட்ஸ் என்று ஒரு தத்துவப் பேராசிரியர் கனடாவில் இருந்தார். ஈசாப் கதையில் எறும்பு உழைக்கும், வெட்டுக்கிளி ஆடிப்பாடி குளிர்காலத்தில் பட்டினி கிடக்கும், இல்லையா? அந்த வெட்டுக்கிளியை ஹீரோவாக வைத்து 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். விளையாட்டு என்றால் என்ன என்பதுதான் கேள்வி. அவர் சொன்னதன் சாரம் இது. கோல்ஃபில் பந்து குழிக்குள் போக வேண்டும். அதுதான் குறி என்றால் கையால் எடுத்துப் போட்டுவிட்டுப் போகலாமே? ஏன் நீளக் குச்சியை வைத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் தள்ளி நின்று அடிக்க வேண்டும்? தேவையே இல்லாத ஒரு தடையை நாமாகவே இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைத் தாண்டப் பார்ப்பதுதான் விளையாட்டு.

சுரங்கம் வந்த பிறகு ரோதாங் தேவையில்லாத தடையாகிவிட்டது. இனிமேல்தான் அது முழு விளையாட்டு. அதற்கு முன்பு என்னைப் போன்றவர்கள் விளையாடிக்கொண்டிருந்தது இன்னொருத்தர் வீட்டு வாசற்படியில். அவர் தினம் தடுக்கி விழுந்த படி.

ஆக, மலைக்கு மதிப்பு இல்லை. கஷ்டத்துக்கும் மதிப்பு இல்லை. ரோடு போடுகிறவரின் கஷ்டத்தைக் குறைக்க முடிந்தால் குறைத்துவிட வேண்டும். அதில் புனிதம் தேடுவது பாவம். என் கஷ்டத்துக்கு ஏதாவது மதிப்பு இருந்தால், அது நானே போட்டுக்கொண்ட விதியிலிருந்து வந்தது: மணாலியிலிருந்து லே வரை என் காலால் போவேன். அந்த விதி இல்லையென்றால் நான் செய்தது, பஸ் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டுவிட்டு அவதிப்பட்டது. பைத்தியக்காரத்தனம். தும்கா மனுஷருக்கு லாரி என்பது வெறும் லாரி. எனக்கு லாரி என்பது, என் கணக்கு மொத்தமும் எந்தக் கம்பத்தில் நிற்கிறதோ அதை அறுக்கிற ரம்பம்.

'உன் விதிதானே? நீயே மாத்திக்கோயேன்' என்று வக்கீல் மறுபடி எழுந்தார்.

நல்ல கேள்வி. விதியை மாற்றுவது தப்பே இல்லை. பிரான்ஸில் செயின்ட் எட்டியென் ஊரில் பால் த விவி என்று ஒருவர் இருந்தார். பட்டு வியாபாரம் செய்தவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். மலைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதே வாழ்க்கை என்று கிடந்தவர். சைக்கிளுக்குக் கியர் வேண்டும் என்று வாதாடினார். களைப்பதற்கு முன்பே ஓய்வெடுங்கள், வீம்புக்காக மிதிக்காதீர்கள் என்று சொன்ன மனுஷன். அதே காலத்தில் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஜ், கியரெல்லாம் 45 வயசுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் என்று நக்கல் அடித்தார். (எனக்கு 47. சந்தோஷம்.) கியர் மாற்றும் கருவிக்கு 1937-ல்தான் டூரில் அனுமதி கிடைத்தது. அதுவரை சங்கிலியை மாற்ற இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். 1937-க்குப் பிறகு மலையேறியவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? இல்லை. விதி மாறியது எல்லோருக்கும் தெரியும். இறங்கித் தள்ளுவதும் கௌரவக் குறைச்சல் இல்லை. 1910-ல் முதன்முறையாகப் பிரெனீஸ் மலைகளின் பெரிய கணவாய்களில் டூரை விட்டபோது ஆக்டேவ் லாபிஸ் ஒரு ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். அந்த வருஷப் பட்டம் அவருக்குத்தான்.

இறங்கிவிடுவதுகூடத் தப்பில்லை. சொல்லப்போனால் இறங்காததுதான் சில சமயம் தப்பு. 1967 ஜூலை 13. பிரான்ஸில் மோன் வான்டு மலை. பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது சைக்கிளோடு சரிந்தார். தூக்கிவிட்டார்கள், மறுபடி மிதித்தார், மறுபடி சரிந்தார். அப்படியே போய்விட்டார். 29 வயசு. வெயில், களைப்பு, உடம்பில் ஆம்பெட்டமின் ஊக்கமருந்து. அந்தப் பக்கம் ஒரு சர்தார்ஜி லாரியோடு வந்து கதவைத் திறந்து "ஆஜா" என்றிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

எனவே லாரியில் ஏறியதை நான் குற்றப்பத்திரிகையிலிருந்து எடுத்துவிடுகிறேன். மிச்சம் இருப்பது அந்த 'ஆமா'. விதியை மாற்றிக்கொண்டேன், ஆனால் மாற்றாத மாதிரி சட்டம் போட்டு மாட்டினேன்.

அப்போதும், நஷ்டம் யாருக்கு?

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' ஞாபகம் இருக்கும். நண்பன் பேங்க்கில் கடன் வாங்குகிறான், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்கள். உங்கள் பாக்கெட்டிலிருந்து ஒரு பைசா போகவில்லை. உங்கள் கணக்கில் கடன் என்று எதுவும் ஏறவில்லை. ஆனால் அவன் கட்டவில்லை என்றால் ஒரு நாள் பேங்க் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். என் போட்டோ அப்படி ஒரு ஜாமீன் கையெழுத்து. ஆறு வருஷமாக யாரும் தட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்குக் கண் சிவந்து வந்து நின்றவள் தட்டினாள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்? 'எங்கப்பாவுக்கும் விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறது, ஆனால் விடவில்லை. எனக்குத் தோன்றுகிறது, எனக்கு விட்டுவிடத்தான் தோன்றுகிறது. அப்போ என்னிடம்தான் ஏதோ கோளாறு.' ஒரு சாதாரண மனுஷனுக்குச் சாதாரணமாக வருகிற களைப்பை, அவளுடைய தனிப்பட்ட குறையாக மாற்றிவிட்டது என் போட்டோ. பரிசு எதையும் நான் திருடவில்லை, வாஸ்தவம். அவள் தன்னை எடை போடுகிற தராசில் ஒரு தட்டை மட்டும் கையால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். லாரி, சர்தார்ஜி, மூட்டை, கேபின் சூடு, எல்லாம். அவள் ஒரு டவலை இரண்டு தடவை உதறினாள்.

"எவ்ளோ தூரம்?"

"ஆறு கிலோமீட்டர்."

"மொத்தம்?"

"நானூத்தி எழுபத்தஞ்சு."

கண்ணை மேலே செருகிக் கணக்குப் போட்டாள். "ஒண்ணேகால் பர்சென்ட். மெட்டீரியல் இல்லப்பா" என்றாள். பிறகு, "ஆனா டிஸ்க்ளோஸ் பண்ணணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிளிப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"அன்னிக்கு ராத்திரி கேட்டேன்ல? அப்பவே ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதை எழுதுகிற இந்த நிமிஷமும் இல்லை. அவள் காலிப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்கத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் பார்த்தால், போட்டோ சட்டத்தின் கீழ் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஸ்லிப் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. பாலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே போடுவார்களே, அந்த மாதிரி நட்சத்திரக் குறி போட்டு: 'கடைசி 6 கி.மீ. லாரியில்.' போட்டோவில் என் தலைக்கு மேலேயும் ஒரு குட்டி நட்சத்திரம், ஸ்கெட்ச் பேனாவால்.

போன வாரம் நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போட்டோவைப் பார்த்தவன், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டே போனான். ஸ்லிப்பை நிதானமாகப் படித்தான். ஆறு வருஷமாக அந்த விஷயத்தைப் பற்றி அவன் ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை.

"ஏழுடா" என்றான்.